அரை மணித்தியாலக் கோழிக்கறி

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகள் மருத்துவமனை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மாமா, வேலையால வந்து அரை மணித்தியாலத்தில வைக்கிற மாதிரி ஒரு கோழிக்கறி சொல்லுங்கோ. பிள்ளையள் பசியோட நிக்கினம்."

கறி வைப்பதைப் பத்திரிகைக்காரனிடம் ஏன் கேட்கிறாய், அம்மாவிடம் கேட்கலாமே என்றேன்.

"அம்மாவிட்டக் கேட்டால் மூண்டு மணித்தியாலக் கறியைத்தான் சொல்லுறா. நீங்கள் தனிய இருந்து சமைச்சுச் சாப்பிட்ட ஆள்தானே."

கொழும்பிலே நான் தனியே சமைத்துச் சாப்பிட்ட காலத்தைவிட, அச்சகத்தில் கடைசிப் பக்கத்தை முடித்துக்கொடுத்துவிட்டு நள்ளிரவில் கொத்துறொட்டிக் கடை வாசலில் நின்ற காலமே அதிகம். ஆனாலும் அவளுக்கு ஒரு செய்முறை சொன்னேன். சொல்லிவிட்டு உறங்கப் போனபோது உறக்கம் வரவில்லை. மூன்று மணித்தியாலம் என்ற சொல் என்னை இலுப்பைக்கடவைக்குக் கொண்டுபோய்விட்டது.

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் பாதையில், விடத்தல்தீவைத் தாண்டியபின் வருவது இலுப்பைக்கடவை. ஒரு பக்கம் ஆழமற்ற கடலும் சதுப்பும். மறுபக்கம் வயலும், வயலுக்கு அப்பால் காடும். பறங்கியாறு, பாலியாறு என்று மாரியில் மட்டும் தம் பெயருக்கு நியாயம் செய்யும் ஆறுகள் இந்தக் கரையில்தான் கடலைச் சேர்கின்றன. கடவை என்றால் கடந்து செல்லும் வழி. புகையிரதக் கடவை என்று இன்றும் எழுதுகிறோமே, அதே சொல். இலுப்பை மரத்தைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலையில்லாத ஊருக்கு அதன் பூவே சர்க்கரை.

என் பெரியம்மா அவ்வூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். பெரியப்பாவுக்குச் சிறிது வயல் இருந்தது. 1974ஆம் ஆண்டு, பாண் கடைகளின் முன் வரிசை நின்ற காலம். ஒரு மாவட்டத்து நெல்லை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது. அதைப் பற்றி எழுதுவதற்காக மன்னார்ப் பக்கம் போன நான், பேருந்து வழியில் பழுதாகிவிட்டதால் இரவு ஏழரை மணிக்கு முன்னறிவித்தலின்றிப் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். மின்சாரம் இல்லாத ஊர். அரிக்கன் லாம்பை உயர்த்தி என் முகத்தைப் பார்த்த பெரியம்மா, "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் மூத்த மகனைப் பார்த்து, "தம்பி, பூவரசில ஏறு" என்றார்.

பகலில் ஊர்க்கோழியைப் பிடிப்பதற்கு நான்கு சிறுவர்களும் ஒரு கடகமும் வேண்டும். இரவில் ஒருவர் போதும். மாலை மங்கியதும் அது கிளையில் ஏறிக் குந்திவிடும்; இருட்டில் அதற்குக் கண் தெரியாது. மச்சான்மார் இல்லாத வீட்டில் என் தம்பி முறையானவன் ஏறி, பழத்தைப் பறிப்பதுபோலப் பறித்துக்கொண்டு இறங்கினான். அதன்பின் நடந்தவற்றை நான் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். வெந்நீரில் தோய்த்து இறகு பறித்தார்கள். மிச்சமிருந்த பூமயிரை ஓலைச் சுவாலையில் வாட்டினார்கள். அந்த வாசனை இன்றும் என் நினைவில் இருக்கிறது. மல்லியும் செத்தல் மிளகாயும் வறுபட்டன. பின்பு அம்மி உருண்டது. திருவலையில் தேங்காய் கரகரத்தது. இறைச்சி வேகாது என்று தெரிந்து, பெரியம்மா பப்பாசிக்காய்த் துண்டொன்றைச் சட்டிக்குள் போட்டார். என்னைத் தட்டியெழுப்பியபோது மணி பதினொன்றாகியிருந்தது. அவ்வளவு நேரம் வெந்தும் தொடை இறைச்சி பல்லோடு போராடியது. குழம்போ, சோற்றை விட்டுக் கையை எடுக்க விடவில்லை.

அன்று பகல் அந்த வீட்டில் மீன்கறிதான் வைத்திருந்தார்கள் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அதில் கொஞ்சம் மிச்சமும் இருந்ததாம். "வந்த பிள்ளைக்கு மீனை மட்டும் போட்டு அனுப்பேலுமே" என்றார் பெரியம்மா. கடற்கரையோரத்து வாழ்க்கையில் அவசரச் சாப்பாடு என்பது மீன். கால் மணித்தியாலத்தில் வெந்துவிடும். கோழி அவசரத்துக்கு உரியதன்று; விருந்தாளிக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், பெருநாளுக்கும் உரியது.

இது இலுப்பைக்கடவைக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மருதநிலத்து உழவர் வீட்டுக்கு வரும் பாணனுக்கு வெண்ணெல்லுச் சோற்றோடு வீட்டுப் பெட்டைக்கோழியின் வாட்டிய இறைச்சியும் கிடைக்கும் என்று சொல்லப்படுகிறது. பாணன் சொல்லிவிட்டு வருபவனா என்ன? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அந்தக் கோழி வாசலில்தான் திரிந்திருக்கும், யாரும் பார்த்திராத நேரத்தில்தான் விருந்தாளி வந்திருப்பான்.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்த விருந்தோம்பல் வேறு வடிவம் எடுத்தது. இந்தியாவில் பயணம் செய்த ஆங்கில அதிகாரிகள் வழியிலுள்ள தங்குமடங்களில் இறங்குவார்கள். அவர்கள் வாசலில் காலெடுத்து வைக்கும்போதே முற்றத்தில் ஒரு கோழி துரத்தப்படும். துரை குளித்து உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அது பிளந்து வாட்டப்பட்டு மேசைக்கு வந்துவிடும். அந்த உணவுக்கு அவர்கள் இட்டிருந்த பெயர் 'திடீர் மரணம்'. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதியில் இச்சொல்லுக்கு ஒரு பதிவே இருக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அவ்வளவு படித்தவரும் எத்தனை 'திடீர் மரணங்களை' மென்று முடித்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அரை மணித்தியாலக் கோழியின் ஆதி வடிவம் இதுவே எனலாம். ஆனால் அதை அரை மணியில் முடித்தவர் பெயர் தெரியாத ஒரு மடைப்பள்ளி ஆள். சாப்பிட்டவருக்கு நேரம் மிச்சம், சமைத்தவருக்கு இல்லை. நேரம் யாருடையது என்ற கேள்வி கோழிக்கறியின் வரலாற்றில் எப்போதும் இருக்கிறது.

கோழி எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிந்துவெளியில்தான் அது முதலில் பழக்கப்பட்டது என்று எங்கள் காலத்துப் பாடநூல்கள் கூறின. 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழியின் ஓர் இனத்தை வீட்டுக்கோழியின் மூதாதையாகக் காட்டியது. 2022இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ஐயத்துக்கிடமற்ற மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நொன் வட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது என்றும் கூறியது. நெல்லும் தினையும் விளைந்த வயல்களில் சிந்திய தானியத்தைப் பொறுக்க வந்த காட்டுப் பறவை, மெல்ல மெல்ல மனிதனின் வாசலுக்கு வந்துவிட்டது என்பது அவர்களின் விளக்கம். இலுப்பைக்கடவை வயல் வரம்பில் நின்றால் இந்த விளக்கத்தை நம்புவது கடினமில்லை. அரிவு வெட்டு முடிந்த காலையில் காட்டோரமாக, செந்நிறக் கொண்டையில் மஞ்சள் திட்டோடு இலங்கைக் காட்டுக்கோழி வந்து மேயும். நாட்டின் தேசியப் பறவையான அது இத்தீவில் அன்றி வேறெங்கும் இல்லை. எங்கள் வீட்டுக்கோழிக்கு அது தாயில்லை. ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு தென்னிந்தியாவின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். உறவு முறை எதுவாயினும் நம் பக்கத்துப் பங்கும் அதில் இருக்கிறது.

இனி, பெரியம்மாவின் கோழிகள்.

அவரிடம் எந்நேரமும் பதினைந்து இருபது கோழிகள் நிற்கும். அவற்றுக்கென்று தீன் வாங்கியதில்லை. நெற்பதர், தவிடு, அரிசி கழுவிய தண்ணீரில் ஊறிய சோறு, முற்றத்துக் கறையான், இவை போதும். ஊர்ப்பேடு ஆண்டு முழுவதும் முட்டையிடாது. பன்னிரண்டு பதினைந்து இட்டதும் அடைக்குக் கிடக்கும். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். பருந்தும் கீரியும் மரநாயும் தின்றது போக எஞ்சியவை வளரும். ஐந்தாறு மாதத்தில் ஒரு சேவல் ஒன்றேகால் கிலோ நிறுத்தால் பெரிய காரியம். கணக்குப் பார்க்கும் எவரும் இந்தத் தொழிலில் இறங்கமாட்டார்.

ஆனால் பெரியம்மா கணக்குப் பார்த்தவர். நெல் விற்ற காசு பெரியப்பாவின் கையில் வரும். கடனுக்குப் போகும், உரத்துக்குப் போகும், சில நாட்களில் கள்ளுக்கும் போகும். கோழிக்காசு பெரியம்மாவின் கையில் வரும். பிள்ளைகளின் கொப்பி, சட்டை, சுகவீனத்துக்கு மருந்து, அயலவரின் நல்லது கெட்டதுக்குக் கொடுக்கும் பணம் யாவும் அந்தக் கூட்டிலிருந்து வந்தவை. வங்கிக்குப் போக மன்னாருக்குப் பேருந்து ஏற வேண்டும். இந்த வங்கி பூவரசில் இருந்தது. கண்டி மன்னனின் கைதியாக 19 ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1679இல் இதே மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக்குத் தப்பி வந்த ரொபேர்ட் நொக்ஸும், கையில் ஒன்றுமில்லாமல் வாழ்க்கையைத் தொடங்கியபோது பன்றியும் கோழியும் வளர்த்தே தலை நிமிர்ந்ததாக எழுதியிருக்கிறார். நிலமில்லாதவருக்கும் உரிமையில்லாதவருக்கும் கோழிதான் முதல் முதல்.

ஆகவே 1974இல் எனக்காக அடிக்கப்பட்டது ஒரு கொப்பி, அல்லது ஒரு சட்டை. அதை அன்று நான் உணரவில்லை. குழம்பு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

இந்த ஊர்க்கோழி உலகத்துக்கு வெளியே, வேறொரு கோழி வளர்ந்துகொண்டிருந்தது. 1923இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் சிசில் ஸ்ரீல் என்ற பெண், முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். தவறுதலாக 500 வந்துவிட்டன. திருப்பியனுப்பாமல் வளர்த்து, இறைச்சிக்காக விற்றார். நல்ல விலை கிடைத்தது. 1926இல் அவரிடம் 10,000 குஞ்சுகள் கொள்ளும் கூடம் இருந்தது. அதுவரை அமெரிக்காவிலும் கோழி இறைச்சி என்பது முட்டை நின்றுபோன பேட்டின் இறைச்சி. அங்கும் கோழி வீட்டுப் பெண்களின் கைக்காசு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி வைத்தார்கள். மார்பு அகன்று, விரைவாகக் கொழுக்கும் கோழியை உருவாக்குபவருக்குப் பரிசு. 1948இல் தேசிய இறுதிப் போட்டி நடந்தது. அதன் விளைவை அளந்தவர்கள் மருமகள் வாழும் கனடாவிலேயே இருக்கிறார்கள். அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் இனங்களை ஒரே தீன் கொடுத்து வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56 நாள் வயதில் முதலாவது 905 கிராம். இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம்.

அரை மணித்தியாலக் கறியின் இரகசியம் இந்த எண்களுக்குள் இருக்கிறது. ஆறு வாரத்தில் கடைக்கு வரும் பறவை ஓடியதில்லை, பறந்ததில்லை, மரத்தில் ஏறியதில்லை. அதன் தசைநார் இறுக நேரம் கிடைக்கவில்லை. ஓராண்டு முற்றத்தில் ஓடிய பேட்டின் நார் இளக மூன்று மணித்தியாலம் வேண்டியிருந்தது. புறொய்லரின் நாருக்கு இருபது நிமிடம் போதும். சமைப்பவரின் திறமை கூடவில்லை. கோழியின் வயது குறைந்துவிட்டது. அந்த முதிர்ந்த நார் கரைந்துதான் எங்கள் குழம்பு தடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரொறன்ரோத் தமிழர்களில் பலர் சனிக்கிழமைகளில் முட்டையிட்டு ஓய்ந்த வயதான கோழியைத் தேடி வாங்குவது இதற்காகத்தான்.

இலங்கையில் 1970களின் தொடக்கத்திலிருந்தே கம்பளை போன்ற இடங்களில் பண்ணைகள் முளைத்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின், தீன் ஆலைகளும் குஞ்சு பொரிக்கும் நிலையங்களும் குளிரூட்டிய வண்டிகளும் வந்தன. 1980களில் கொழும்பு நடுத்தர வர்க்கத்துச் சமையலறைக்குக் கோழி வாரநாள் உணவாக நுழைந்துவிட்டது. நானும் அக்காலத்தில், கொள்ளுப்பிட்டிக் கடையொன்றில் பொலித்தீனில் சுற்றிய, பனிக்கட்டிபோல் இறுகிய கோழியை முதன்முதலாக வாங்கி, அதை எப்படி வெட்டுவது என்று தெரியாமல் திகைத்திருக்கிறேன்.

அது இலுப்பைக்கடவைக்கு வரவில்லை. வருவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: மின்சாரம், பாதை, சமாதானம். மூன்றும் அங்கே இல்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கு இருளில் கிடந்தது. எரிபொருளுக்கும் வேறு பல பொருள்களுக்கும் தடை. அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். பக்கத்து விடத்தல்தீவு முஸ்லிம்களும் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெரியம்மாவின் சேவல்களை வழக்கமாக வாங்கிச் செல்லும் வியாபாரியும் அவர்களில் ஒருவர். பழைய பாக்கி கொஞ்சம் அவர் கொடுக்க இருந்ததாம். "அந்த மனிசன் திரும்பி வந்தால் நான் கேக்கமாட்டன்" என்று பெரியம்மா பின்னாளில் என்னிடம் சொன்னார். அந்த வெளியேற்றத்தைப் பற்றி அன்று எங்களில் எத்தனை பேர் போதிய அளவு எழுதினோம் என்பதை இங்கே கேட்டுக்கொண்டால், முதலில் தலை குனிய வேண்டியவன் நான்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானபின் ஒருமுறை போய் வந்தேன். பூவரசு நின்றது, அதில் கோழிகளும் நின்றன. பகலில் போனதால், ஆறுதலாக ஆக்கிப் போட்டார்.

2008 யூலையில் இராணுவம் விடத்தல்தீவைப் பிடித்து, சில நாட்களில் இலுப்பைக்கடவைக்குள் வந்தது. சனங்கள் அதற்கு முன்பே வடக்கே நகரத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளாங்குளம், கிளிநொச்சி, பின் கிழக்கே, கடைசியில் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தின் பின் எஞ்சியவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாமில் முள்வேலிக்குள் இருந்தார்கள். அந்த மாதங்களில் நான் எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை ஆயிரம் குடும்பங்கள், இத்தனை இலட்சம் பேர். பெரியம்மாவும் அவர் மகளும் பேத்தியும் அந்த எண்களுக்குள் எங்கோ இருந்தார்கள். பெரியப்பா முன்பே காலமாகியிருந்தார். பூவரசில் ஏறிய தம்பி திரும்பி வரவில்லை. அவனைப் பற்றி இங்கே இதற்குமேல் எழுத எனக்கு இயலவில்லை.

பெரியம்மாவை மீண்டும் கண்டது 2010இல், அவர்கள் ஊருக்குத் திரும்பியபின். தறப்பாள் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளைப் பற்றிச் சொன்னார். உழவு இயந்திரப் பெட்டியில் இடம் போதவில்லை. ஆடுகளை ஏற்றினார்கள், நெல் மூட்டைகளை ஏற்றினார்கள். கோழிகளைப் பிடிக்க நேரமில்லை. ஒரு பேடு அடைக்குக் கிடந்தது. அன்று பதினெட்டாம் நாள். கூட்டின் கதவைத் திறந்து, ஒரு சிரட்டை தண்ணீரும் இரண்டு பிடி நெல்லும் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாராம்.

"இன்னும் மூண்டு நாள் விட்டிருந்தாங்கள் எண்டால் குஞ்சு பொரிச்சிருக்கும்" என்றார்.

இழப்புகளைப் பதிவு செய்வதற்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். வீடு, கிணறு, மாடு, ஆடு, வாகனம் என்று நிரல்கள். பெரியம்மா பதினேழு கோழி, ஒரு அடைப்பேடு என்று சொல்ல, எழுதிக்கொண்டிருந்த பிள்ளை கோழிக்கு நிரல் இல்லை என்று சொன்னதாம். "பெட்டைக் கோழிக்கும் பெட்டைக்கும் எங்க நிரல் இருக்கு" என்று பெரியம்மா சிரித்தார். இத்தனை ஆண்டுகள் செய்தி எழுதிய என்னுடைய நிரல்களிலும் அது இருந்ததில்லை.

பின்னர் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களுக்கு, உதவி நிறுவனங்கள் கோழிகளைக் கொடுத்தன. எண்ணம் நல்லதுதான். ஆனால் பண்ணையில் பொரித்து வளர்ந்த குஞ்சுகளுக்குப் பருந்தின் நிழல் தெரியாது, மரமும் தெரியாது. பலவற்றை இராணிக்கேத்து நோய் கொண்டுபோயிற்று. 1926இல் யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. அதைக் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். மின்சாரம் வராத ஊருக்குக் கோழி முதலில் வந்து, மருந்து பின்னால் வந்தது. பெரியம்மா பழைய முறைப்படி, காட்டோரக் கிராமமொன்றிலிருந்து இரண்டு ஊர்ப்பேடும் ஒரு சேவலும் தேடி வாங்கி, மறுபடி தொடங்கினார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது.

2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. மன்னார் - யாழ்ப்பாணப் பாதை உயிர் பெற்றது. மின்கம்பிகள் வந்தன. அவற்றின் பின்னாலேயே, ஒரு தகரக் கொட்டகையும் தராசும் உறைபெட்டியுமாகப் புறொய்லர் கடை வந்து சேர்ந்தது. கொழும்பில் முப்பது ஆண்டுகள் எடுத்து நடந்த மாற்றம் இக்கரையில் இரண்டு மூன்று மாரிக்குள் நடந்து முடிந்தது.

இந்த இடத்தில் என் போன்ற வயதினர், அந்தக்கால ருசி போயிற்று, கைப்பக்குவம் போயிற்று என்று புலம்பத் தொடங்குவது வழக்கம். நானும் அப்படி ஒரு பத்தி எழுதத்தான் எண்ணியிருந்தேன். 2023இல் இலுப்பைக்கடவைக்குப் போனதுடன் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

பெரியம்மா அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். வீட்டில் இருப்பவர் அவருடைய பேத்தி, முன்பள்ளி ஆசிரியை. காலையில் முன்பள்ளி, மாலையில் வீட்டில் தையல், இடையில் இரண்டு பிள்ளைகள். கணவன் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விடுவான். நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு மணி. "மாமா, கொஞ்சம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு மூத்தவனைக் கடைக்கு அனுப்பினாள். ஒரு கிலோ வெட்டிய புறொய்லர் வந்தது. உறைப்பாகப் பிரட்டல், பாணும் வாங்கியிருந்தாள். ஏழு மணிக்கு முன் சாப்பிட்டு முடித்துவிட்டோம். எட்டு மணிக்குப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா பதினொரு மணிக்கு என்னை எழுப்பிய அன்றிரவு, அவர் எத்தனை மணிக்குப் படுத்திருப்பார், விடிய எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

முதல் ஆண்டு நெருக்கடியில் இதுவும் இல்லாமற் போயிருந்தது என்றாள். 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடை சோளத்தையும் விடவில்லை. சோளம் இல்லாமல் கோழித்தீன் இல்லை. 2022இல் டொலரும் இல்லாமற் போனபோது புறொய்லர் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியது; எரிவாயுச் சிலிண்டரும் மண்ணெண்ணெயும் மறைந்தன. விறகுக்குத் திரும்பிய அம்மாதங்களில் ஊர் முழுவதும் மறுபடி மீன், அல்லது பருப்பு. "அப்ப என்னைத் தாங்கினது அம்மம்மாவின்ர கோழியள்தான்" என்றாள்.

முற்றத்துப் பூவரசில் கோழிகள் குந்தியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவற்றை அவள் சமைப்பதில்லை, விற்கிறாள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர்க்கோழி கேட்பவர் பெருகிவிட்டார்கள். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுக்காரர் விலை கேட்பதேயில்லையாம். ஊர்ச் சேவல் ஒன்றை விற்ற காசில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் புறொய்லர் வாங்கிவிடலாம் என்று கணக்குச் சொன்னாள். பெரியம்மாவின் வங்கி மூடப்படவில்லை. மூன்று மணித்தியாலக் கறியை வேறு வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, அரை மணித்தியாலக் கறியைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள் பேத்தி.

மருமகளுக்கு நான் சொன்ன செய்முறையும் உண்மையில் இவளுடையதுதான். அதையும் எழுதிவிடுகிறேன். தூளை ஞாயிற்றுக்கிழமையே வறுத்து இடித்து வைத்துவிட வேண்டும். வாரநாளில் வறுக்கப் போனால் நேரம் அங்கேயே போய்விடும். ஒரு கிலோ கோழியை எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி வையுங்கள். எண்ணெயில் பெருஞ்சீரகம், வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ரம்பை. வதங்கியதும் இடித்த இஞ்சி உள்ளி. பிறகு கோழியைப் போட்டு, பெரிய நெருப்பில் ஏழெட்டு நிமிடம் கிளறுங்கள். தண்ணீர் விடவேண்டாம்; புறொய்லர் தானே விடும். மூன்று தேக்கரண்டி தூள் போட்டுப் பிரட்டி, அரைக் கோப்பை தேங்காய்ப்பால் விட்டு மூடி, பன்னிரண்டு நிமிடம். எலும்பருகில் சிவப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு இறக்குங்கள். இறக்கியபின் தேசிக்காய்ப்புளி. உருளைக்கிழங்கு போட விரும்புவோர் மிகச் சிறிதாக வெட்டட்டும். இல்லாவிட்டால் கோழி அதற்காகக் காத்திருக்க நேரும்.

மறுநாட் காலை மன்னார்ப் பேருந்துக்கு நான் புறப்பட்டபோது, பேத்தி ஓர் உரப்பையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். வாய் கட்டி, காற்றுக்கு இரண்டு துளை போட்டிருந்தது. உள்ளே ஒரு சேவல். எனக்கென்று நினைத்துக்கொண்டு, வேண்டாம் பிள்ளை, கொழும்பில் இதை வைத்து நான் என்ன செய்வேன் என்று தொடங்கினேன்.

"ஐயோ மாமா, இது உங்களுக்கில்லை. மன்னார் பஸ் நிலையத்தில ஒராள் வந்து நிப்பார். குடுத்துட்டுக் காசை எண்ணி வாங்குங்கோ. நூறு ரூபா குறைச்சுத்தான் தரப் பாப்பார், விடாதையுங்கோ."

சேவல் வழி முழுவதும் என் காலடியில் கிடந்தது. விடத்தல்தீவு தாண்டும்போது ஒருமுறை கூவியது. பேருந்தே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் வந்தார். அவள் சொன்னதுபோலவே நூறு ரூபா குறைத்துத்தான் நீட்டினார். நான் விடவில்லை.